டிர்னவா சதுக்கத்து ஞாயிறுகள்

ஸ்லோவாக்கியா என்றொரு நாடு இருப்பதே, பையன் அங்கே வேலைக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. ஆவடியில் டாங்கி ஃபேக்டரியில் உழைத்து ஓய்ந்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பட்டாபிராமில் ஒரு ஃபிளாட்டில் வந்து உட்கார்ந்தவன் நான். இப்போது அந்த நாட்டில் டிர்னவா என்ற பழைய ஊரைப் பற்றி யார் கேட்டாலும் பாடம் நடத்துவேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

அந்த ஊர்ச் சதுக்கத்தில் எந்நேரமும் ஓடும் ஒரு கேமரா இருக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் நெட்டில் பார்க்கலாம். எங்கள் டிவியில் அதை எப்படித் திறப்பது என்று பையன்தான் ஃபோனிலேயே சொல்லிக்கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை இங்கே டீ நேரம் என்றால் அங்கே உச்சிப்பொழுது. அவன் மணிக்கோபுரத்தடியில் வந்து நின்று ஃபோனில் கூப்பிடுவான்.

"நைனா, தெரியுதா? நான்தான் கை ஆட்டிகினு கீறேன்!"

கடுகளவு உருவம். சிவப்பு ஜாக்கெட்டை வைத்துத்தான் அடையாளம். அவன் அம்மா டிவிக்கு முன்னால் நின்று பதிலுக்குக் கை ஆட்டுவாள். அவனுக்கு எங்கேடி தெரியப்போகிறது என்று திட்டுவேன். அவள் அடுப்படிக்குப் போனபிறகு நானும் ஆட்டியிருக்கிறேன்.

மற்ற நாட்களில் வெட்டியாக அந்த ஊரையே பார்த்துக்கொண்டிருப்பேன். தீப்பிடித்தாலோ எதிரி வந்தாலோ கண்டு சொல்ல, மேலே காவல்காரன் நிற்பதற்காகக் கட்டிய கோபுரமாம் அது. உச்சியில் பொன்னிறத்தில் மாதா. ஊரைச் சுற்றிச் செங்கல் மதில். திரும்பின பக்கமெல்லாம் தேவாலயம். அதனால் குட்டி ரோம் என்று பெயர். பெரிய பல்கலைக்கழகமும் இருந்ததாம். பிறகு அதை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். படித்தபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒரு ஊரில் உருப்படியாக ஏதாவது இருந்தால் கிளப்பிக்கொண்டு போவதற்கென்றே ஆள் இருக்கிறார்கள்.

பையனோடு அங்கே வேலைக்குப் போனவர் ஒருவர் திரும்பி வந்திருந்தார். ஆவடி மார்க்கெட்டில் பார்த்தபோது, "ஆளுங்கள நிறுத்திட்டாங்க அண்ணாத்தே. உங்க ஊட்டுப் புள்ளையும்தான். உங்களாண்ட சொல்லலையா?" என்றார். அன்றே பையனைக் கேட்டேன். "அதெல்லாம் இன்னாத்துக்கு நைனா? நான் இங்கதான் கீறேன்" என்றான். வேலை போனால் அங்கே தங்க அனுமதியும் போய்விடும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டில் வாயைத் திறக்கவில்லை. அதற்குப்பின் சில ஞாயிறுகளில் அவன் வரவில்லை. ஒரு வாரம் ஓவர்டைம், ஒரு வாரம் சளி. இவள் மட்டும் டீயை ஆறவிட்டு டிவிக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள்.

போன ஞாயிறு ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோபுரத்தாண்டதான் நிக்கிறேன்மா. தெரியுதா?"

டிவியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சதுக்கத்தில் ஒரு கிழவியும் நாயும் தவிர யாருமில்லை. படம் தாமதமாக வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காத்திருந்தேன். கிழவி கடந்து போனாள். கோபுரத்தடி காலியாகவே இருந்தது. ஃபோனில் அவனுக்குப் பின்னால் லாரிகள் ஓடும் சத்தம். அந்தச் சதுக்கத்தில் நான் ஒருநாளும் லாரியைப் பார்த்ததில்லை. எந்த நாட்டில், எந்த ரோட்டோரத்தில் நிற்கிறான்? சாப்பிட்டானா? எங்கேடா இருக்கே என்று கத்த வாயெடுத்தேன். இவள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே பேசினாள்.

"தெரியுது கண்ணு. நல்லாத் தெரியுது. எவ்ளோ பனி கொட்டுது பாரு. கைய எறக்கி ஜேபில வெச்சிக்கோ."

அந்தப் பக்கம் ஒரு லாரி இரைந்துகொண்டு கடந்து போனது. பிறகு அவன், "ஆமாம்மா, பனிதான்" என்றான்.