சின்னையாவின் எண்ணூற்று நாற்பது வெள்ளி

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் சின்னையாவைத் தெரியாதவர்கள் குறைவு. அவரோடு சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியவர்கள் அதைவிடக் குறைவு. வயது ஐம்பத்தெட்டு. ரப்பர் கையுறை செய்யும் ஃபேக்டரி ஒன்றில் பாய்லர்மேன். இருபத்தாறு வருஷம் அந்தச் சூட்டில் நின்று நின்று மனுஷன் கருவாடு மாதிரி காய்ந்துபோயிருந்தார். குடிக்க மாட்டார், நாலு நம்பர் லாட்டரி எழுத மாட்டார். ஓவர்டைம் என்று சொன்னால் மட்டும் காய்ச்சலோடும் எழுந்து போவார்.

அவர் மனைவி நவமணி போன அக்டோபரில் செத்துப்போனாள். நாலு வருஷ டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போவார், ஊசி குத்திய கையைத் தன் இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் திரும்பக் கூட்டி வருவார். பிள்ளைகுட்டி இல்லை. வருஷத் திதிக்குள் அவளுக்கு ஒரு கல்லறை கட்டிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த வேலை. கொத்தனார் ஆயிரத்து இருநூறு வெள்ளி கேட்டிருந்தார். சிமெண்டு மேடை, தலைமாட்டில் ஒரு கல், கல்லில் பெயர்.

அந்தப் பணம் வருமான வரியிலிருந்து திரும்பி வரும் என்று சொன்னவள் பிரமிளா. மார்க்கெட்டுப் பக்கம் ஃபோட்டோஸ்டாட் கடை வைத்திருப்பவள். ஒவ்வொரு ஏப்ரலிலும் பாதி புந்தோங்குக்கு அவள்தான் பத்து வெள்ளிக்கு வரிப் பாரம் போட்டுக் கொடுப்பாள்.

"அண்ணே, ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தொண்ணு வரும்லா. மாசா மாசம் சம்பளத்துல நூத்திப் பத்து புடிச்சிருக்கான்ல? அக்காவோட டயாலிசிஸ் பில்லு, அக்கா பேருக்கு உள்ள கழிவு, உங்க இன்சூரன்ஸ், கைப்பேசி வாங்குன ரசீது எல்லாத்தையும் போட்டுட்டேன். காச வச்சுக் காரியத்த முடிங்க."

சின்னையா அன்றே கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஜூனில் பணம் வரவில்லை, ஒரு கடிதம் வந்தது. ரசீதுகளின் அசலோடு மனைவியின் திருமணப் பத்திரத்தையும் கொண்டுவந்து காட்டச் சொன்னது. முன்பெல்லாம் யாரும் எதுவும் கேட்டதில்லை. இந்தத் தடவை வைத்தியச் செலவு பத்தாயிரம் என்று போட்டதால் கேட்டிருக்கிறார்கள்.

அவரிடம் பத்திரம் இருந்தது. அதாவது, இருப்பதாகத்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் ஒட்டிய மஞ்சள் தாள். அவர்கள் முன்பு குடியிருந்த சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் கமிட்டி கொடுத்தது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தேதி, தலைவர் கையெழுத்து, கீழே ஊதா மையில் வட்டமாகக் கோயில் முத்திரை, சாப். அந்தத் தோட்டத்தில் கல்யாணம் செய்த அத்தனை பேர் வீட்டிலும் சாமிப் படத்துக்குப் பின்னால் அப்படி ஒரு தாள் இருக்கும். சாப் விழுந்துவிட்டால் அது கவர்மெண்டு தாள்தான் என்பது லயத்துக் குடியிருப்புச் சனங்களின் எண்ணம். பிறகு கம்பெனிக்காரன் ரப்பரை வெட்டி செம்பனை போட்டான். லயத்தை இடித்தான், கோயிலையும் ரோட்டோரத்துக்குத் தள்ளினான். தாள் மட்டும் பத்திரமாக ஈப்போவுக்கு வந்தது.

வரி அலுவலகத்தில் அவர் எண் வந்ததும் கூப்பிட்ட அதிகாரி ஒரு மலாய்ப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. உட்காரச் சொன்னாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாருமில்லை என்பதுதான் கொடுமை. ஒருத்தராவது இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது சின்னையா மனசை ஆற்றிக்கொண்டிருப்பார்.

அவள் ரசீதுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரி. பிறகு அந்த மஞ்சள் தாளை எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள்.

"பாச்சிக், இது கோயில் கொடுத்தது. பதிவு இலாகா கொடுத்த கல்யாணப் பத்திரம், சூராட் காவின், எங்கே?" என்று மலாயில், மாமா முறை வைத்துக் கேட்டாள்.

"இதுதான்லா. சாப் இருக்குல்ல?"

அவள் கணினியில் எதையோ தட்டிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. பிறகு ஒரு தாளை எடுத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, ஆனால் மரியாதையோடு எழுதிக் காட்டினாள். மனைவிக்கு என்று கழித்தது நாலாயிரம். மனைவியின் நோய்க்கு என்று கழித்தது பத்தாயிரம். ஆகமொத்தம் பதினாலாயிரம். அவர் சம்பளத்துக்கு அந்தப் பகுதியில் வரி நூற்றுக்கு ஆறு. பதினாலாயிரத்துக்கு ஆறு வீதம் எண்ணூற்று நாற்பது. பதிவில் மனைவி என்று யாரும் இல்லாததால் அந்த எண்ணூற்று நாற்பது வராது. வரப்போவது முன்னூற்று ஐம்பத்தொன்று.

கணக்கு சின்னையாவுக்கு நன்றாகவே புரிந்தது. பாய்லர் மீட்டர் பார்க்கிறவருக்கு இது ஒரு பெரிய கணக்கா? புரியாதது வேறு.

"அப்படின்னா நவமணி யாரு?" என்று கேட்டார். தமிழில் கேட்டுவிட்டு, பிறகு மலாயில் கேட்டார்.

அந்தப் பெண் ரசீதுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

ஆஸ்பத்திரியில் கையில் குழாய் வைக்கும்போது கணவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள், போட்டார். பிணத்தை எடுக்கும்போதும் போட்டார். அங்கெல்லாம் நீ யார் என்று ஒருவரும் பத்திரம் கேட்கவில்லை. சாகிறவரைக்கும் அவள் அவருக்குப் பெண்டாட்டி. செத்தபிறகு கணினியில் தேடினால் காணோம்.

இதில் சின்னையாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். நவமணி மூன்று தடவை சொன்னாள்.

கல்யாணமான புதிதில் தோட்டத்து ஆபீஸ் கிராணி சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து முதல் தடவை சொன்னாள்: டவுனுக்குப் போய்ப் பதியணுமாம். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகாமல் இரண்டு நாள் பேர் விழாவிட்டால் சம்பளம் போகும். "தாலி கட்டுனது பத்தாதா? இன்னும் ஒரு பேப்பரா?" என்றார். பக்கத்து வீட்டில் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இரண்டாம் தடவை ஈப்போவுக்குக் குடிவந்த வருஷம். அப்போது ஓவர்டைம். மூன்றாவது, டயாலிசிஸ் ஆரம்பித்து ஆறு மாசம் இருக்கும். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா என்னவோ சொல்லியிருக்கிறாள்.

"ஏங்க, இப்பவாச்சும் போயி பதிஞ்சிட்டு வந்திரலாங்க. ஒரு நாள் வேலதானே."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்துப்போறவ மாதிரி பேசாத. அதெல்லாம் சாவப்போறவங்க பாக்குற வேல."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பதியப் போனால் அவள் போய்விடுவாள் என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தை அவர் கோபமாக மாற்றி அவள் மேலேயே காட்டினார். ஆண்பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற காரியம்தான். ஊசி குத்திய கையோடு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலை வரி அலுவலகத்துக் குளிர்சாதன அறையில் அவர் கண் முன்னால் வந்து நின்றது.

"இப்ப பதியலாமா? அபராதம் கட்டுறேன்," என்றார்.

"ரெண்டு பேரும் நேர்ல வரணும் பாச்சிக்," என்றாள் அவள். சொன்னபிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு திருத்தப் பாரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். வேண்டுமென்று செய்த தப்பில்லை என்று தான் குறிப்பு எழுதிவிடுவதாகவும், பாரத்தைச் சரிசெய்து கையெழுத்துப் போட்டால் முன்னூற்று ஐம்பத்தொன்று மூன்று வாரத்தில் வங்கிக்கு வந்துவிடும் என்றும் சொன்னாள். முந்தின வருஷங்களில் மனைவிக்குக் கழித்ததையும் பார்க்க வேண்டி வரலாம், அது பிறகு. கையெழுத்து இல்லாவிட்டால் பைல் திறந்தபடியே கிடக்கும். அபராதம்கூட வரும்.

பாரத்தில் குடும்ப நிலை என்று மூன்று கட்டங்கள். முதலாவது பூஜாங், கல்யாணமாகாதவர். இரண்டாவது கல்யாணமானவர். மூன்றாவது விவாகரத்தானவர் அல்லது துணையை இழந்தவர். ஏப்ரலில் பிரமிளா மூன்றாவதைத்தான் குத்தியிருந்தாள். அதிகாரி முதல் கட்டத்தைப் பென்சிலால் லேசாக வட்டமிட்டாள்.

சின்னையா அந்த மூன்றாவது கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காசு வேணாம்," என்றார். "முன்னூத்தி அம்பத்தொண்ணும் வேணாம். எல்லாத்தையும் நீங்களே வச்சிக்கிங்க. பொஞ்சாதி செத்தவனுக்குன்னு ஒரு கட்டம் இருக்கே, அத மட்டும் குடுங்க."

அவர் கேட்டது மலாயில். அவர் மலாய் தோட்டத்து மலாய்; ஆனாலும் அவளுக்குப் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். "முடியாது பாச்சிக். அந்தக் கட்டத்துக்கும் பத்திரம் வேணும்."

பின்னால் யாரோ இருமினார்கள். திரையில் அடுத்த எண் மின்னிக்கொண்டிருந்தது. இரண்டு மணி ஷிஃப்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது. முன்னூற்று ஐம்பதுக்குக் கொத்தனார் மேடை கட்ட மாட்டார். வெறும் கல் மட்டுமென்றால் நட்டுத்தருவார் என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. ஓடியது என்பதற்காகவே அவர் பிறகு எத்தனையோ நாள் தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டார்.

பேனாவை எடுத்தார். முதல் கட்டத்தில் குத்தினார். முப்பத்திரண்டு வருஷம் ஒருத்தியோடு குடும்பம் நடத்தி, அவளுக்கு வாய்க்கரிசி போட்டு, அவளைக் குழியில் இறக்கிய சின்னையா, தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று கையெழுத்துப் போட்டார். சம்பளத் தாளில் போடுகிற அதே கையெழுத்து, கோணாமல் மாணாமல் விழுந்தது.