பழுப்பு விரல்கள்

என் மனைவி கிருபாவதியின் விரல் நுனிகளை நான் வெள்ளையாகப் பார்த்ததே இல்லை. சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை. பர்மாங்கனேட் கற்களைப் பொட்டலம் கட்டிக் கட்டி விரலெல்லாம் பழுப்பு. திராட்சை கழுவ, சேற்றுப்புண்ணுக்கு, கிணற்றுக்கு, எதற்கும் அவளுக்கு அந்த மருந்துதான். தலைவலி என்று சொல்லக்கூட எனக்குப் பயம்.

அதில் மாங்கனீசு என்கிற உலோகம் இருக்கிறதாம். கிருமியைக் கொல்லும்வரை ஊதா, கொன்று முடித்தால் பழுப்பு. அந்தப் பழுப்பு சோப்புக்கு மசியாது.

தொண்ணூற்றாறில் எங்கள் மகள் ஈவ்லினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கிளாட்வினுக்கு மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக் வேலை. ஊரில் பேதி பரவுகிறது, சம்பந்தி வீட்டார் வேறு வருகிறார்கள் என்று முந்தின நாள் கிணற்றில் ஒரு கை கூடுதலாகவே மருந்தைப் போட்டுவிட்டாள் கிருபாவதி. விடிந்ததும் அவசரத்தில் அதே தண்ணீரைத் தெளித்து, கல்யாணத்து வெள்ளைப் புடவையை இஸ்திரி போட்டாள். முந்தானை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள்.

ஈவ்லின் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாற்றுப் புடவை இல்லை.

"கிணத்துக்குப் போடச் சொன்னா பொண்ணுக்கும் சேத்துப் போட்டுட்டியா?" என்று நான் குதித்தேன்.

"கத்திக்கினு நிக்காத. எலுமிச்சம்பழத்த நறுக்கு."

விருந்தாளிகளுக்கு ஜூஸ் போட வாங்கிய கூடை அது. கறை பட்ட கையை நர்சுகள் எலுமிச்சையால்தான் தேய்ப்பார்களாம். இவள் மட்டும், "நாளைக்கு மறுபடி ஒட்டத்தான போவுது" என்று விட்டுவிடுவாளாம். நான் பிழிந்தேன், அவள் தேய்த்தாள். புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைய மறைய ஈவ்லினுக்குச் சிரிப்பு வந்தது. மிஞ்சிய ஒரே பழத்தை, "உன் கைக்குத் தேச்சிக்கோ" என்று நீட்டினேன். வாங்கிப் புடவைக் கரையோரத்தில் இருந்த கடைசிப் புள்ளியில் தேய்த்தாள். பக்கத்து வீட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசிக் காயவைத்தோம். சம்பந்தி வீட்டாருக்கு டீயோடு சரி.

கோயில் வாசலில் கிருபாவதி கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பெண்ணை அப்பா பாதிரியார் முன் அழைத்துப் போவதுதான் எங்கள் வழக்கம். என் கையைப் பிடித்திருந்த ஈவ்லின் நின்றாள்.

"இரு நைனா."

மறு கையின் வெள்ளை உறையைக் கழற்றி என் சட்டைப் பையில் திணித்தாள். வெறும் கையை அம்மாவிடம் நீட்டினாள்.

"கைய குடும்மா."

"வேணாம்டி, எல்லாரும் பாக்கறாங்க."

ஈவ்லின் முந்தானையை விலக்கி அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேருமாக உள்ளே நடந்தோம். கோயில் முழுக்க அந்தப் பழுப்பு விரல்களைத்தான் பார்த்தது. பார்க்கட்டும்.