மூன்றாவது ஸ்லைடு

எங்கள் துறையில் கணிதமும் இயற்பியலும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தன. கீழே நாங்கள் இயற்பியல், மாடியில் கணிதம். வெள்ளிக்கிழமை பிற்பகல் கருத்தரங்கில் மட்டும் இரண்டு தரப்பும் ஒன்றாக உட்காரும். பாதிப் பேர் வருவதே கடைசியில் வரும் டீக்கும் சமோசாவுக்கும்தான்.

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அதே மேடையில் நானும் பேசி, குழுவின் ஒப்புதலை வாங்க வேண்டும். பேசினேன். மூன்றாவது ஸ்லைடிலேயே, குழுவில் இருந்த மாடிப் பேராசிரியர் கையைத் தூக்கினார். "சைன் தப்பான கோணத்துக்குப் போட்டிருக்கீங்க. அடிப்படையே ஆட்டம் காணுதேம்மா!"

விஷயம் இதுதான். ஓர் உருண்டையின் மேல் ஒரு புள்ளியைக் குறிக்க இரண்டு கோணங்கள் வேண்டும்: உச்சியிலிருந்து இறங்குவது ஒன்று, சுற்றி வருவது இன்னொன்று. இறங்கும் கோணத்தை நாங்கள் தீட்டா என்போம். மாடியில் அதற்குப் பெயர் ஃபை. சுற்றும் கோணத்துக்கு அப்படியே தலைகீழ். அவர் தன் வழக்கப்படி படித்துவிட்டார். இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு உறைத்தால்தானே! "சரிபார்த்துட்டு ஒரு மாசத்துல திரும்ப வாங்க" என்றது குழு. என் பதிவுக் காலத்திலும் அவ்வளவுதான் பாக்கி. மறுபடி தவறினால் ஐந்து வருட உழைப்பு அம்போ.

எங்கள் ஊர் கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எல்லாம் புரிந்து ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆய்வேடு முழுவதையும் அவருடைய எழுத்துகளிலேயே மாற்றி எழுதி, அவர் முகத்துக்கு நேரே நீட்டுவது என்று முடிவு செய்தேன். எங்கள் கரும்பு வெட்டுக்கு ஆள் வந்த நாட்களில்கூட நான் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. மூன்று அத்தியாயங்கள் கச்சிதமாகப் பொருந்தின. நான்காவது பொருந்தவில்லை.

இரண்டு நாள் தேடினேன். ஒரு கணிதப் புத்தகத்திலிருந்து சூத்திரம் எடுத்தவள், எழுத்துகளை மாற்றாமல் அப்படியே போட்டிருக்கிறேன். அவர் தடுக்கிய அதே இடம்! ஆனால் என்னுடையது ஆய்வேட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அதன் மேல்தான் நின்றது.

"இன்னாடி, பேயறஞ்ச மாதிரி குந்திக்கினு கெடக்க?" என்றாள் அம்மா. சொன்னேன்.

"அந்த சாருக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப கம்முனு கெட. குடுத்துட்டு வூடு வந்து சேரு."

"எனக்குத் தெரிஞ்சிபோச்சேம்மா!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டு, சோற்றை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். மறுபடி முதலிலிருந்து கணக்கிட்டேன். அந்த முடிவு போயே போய்விட்டது. மிஞ்சியது சின்னதுதான், ஆனால் அசைக்க முடியாதது.

மாதக் கடைசியில் மேடையேறியதும், முதல் வேலையாக நான்காம் அத்தியாயத் தவறையும் அதன் திருத்தத்தையும் பலகையில் எழுதிக் காட்டினேன். என் ஆய்வு வழிகாட்டி தலையைக் குனிந்துகொண்டார். மாடிப் பேராசிரியர் மட்டும் கேட்டார்: "அப்ப அந்த மூணாவது ஸ்லைடு?"

"அது சரிதான் சார். நீங்கதான் தப்பா படிச்சீங்க."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அவர் எழுந்து வந்து, என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, உருண்டை வரைந்து, தன் எழுத்துகளில் ஒரு தடவை, என் எழுத்துகளில் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

"ஆமாம்மா. இது என் தப்புதான்" என்று சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்தார். "சமர்ப்பிச்சிடுங்க."

அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். வெட்கமாகவே இல்லை.