கருடன் வந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அப்பாவிடமிருந்து ஒரு மீனைத் தப்பிக்க வைக்க ஒரே ஒரு சொல் போதும். கருடன். அந்தச் சொல் காதில் விழுந்த மறுகணம் தூண்டிலைத் தரையில் போட்டுவிட்டு, வானத்தைப் பார்த்து, இரண்டு கையாலும் மூன்று முறை கன்னத்தில் போட்டுக்கொண்டு 'கோவிந்தா' என்பார். அதற்குள் மீன் முள்ளில் இருந்த மாவை உருவிக்கொண்டு போயிருக்கும்.

இதை எங்கள் மாமா நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். அம்மாவுக்கு அண்ணன். ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவர் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஓர் ஏரி. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த அந்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமை தோறும் மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி நானும் அப்பாவும் அங்கே போவோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. ராகி மாவு உருண்டை பிடிப்பது என் வேலை.

அப்பாவின் தூண்டில் சாதாரணமானதல்ல, ரீல் வைத்தது. அவர் கார் ஓட்டிய வீட்டு ஐயா ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்தது. அப்பா அதற்கு ஆயுத பூஜையில் பொட்டு வைப்பார். மாமாவிடம் இருந்தது வெறும் மூங்கில் கழி. ஆனால் மீன் என்னவோ மூங்கிலுக்குத்தான் வந்தது. அப்பாவின் தக்கை அசையும்போதெல்லாம் மாமா, "மாப்ளே, கருடன்!" என்று கத்துவார். அப்பா கையைத் தூக்குவார். வானத்தில் ஒரு காக்கை போகும்.

"பொய் சொல்றாருப்பா," என்று நான் அழாத குறையாகச் சொல்வேன்.

"பொய்யா இருந்தா பாவம் அவனுக்கு. நிஜமா இருந்து நான் கும்பிடாம வுட்டா பாவம் எனக்கு," என்பார் அப்பா.

அந்த ஆவணியில் மாமா ஒரு பந்தயம் கட்டினார். புரட்டாசி பிறந்துவிட்டால் அப்பா ஒரு மாதம் மீனையும் தொட மாட்டார், தூண்டிலையும் தொட மாட்டார். அதனால் ஆவணியின் கடைசி ஞாயிறுதான் நாள். யார் பெரிய மீன் பிடிக்கிறார்களோ அவர் ஜெயித்தவர். அப்பா தோற்றால் ரீல் தூண்டில் மாமாவுக்கு. மாமா தோற்றால் அப்பாவின் மீனைத் தலையில் வைத்து எங்கள் தெரு முழுக்க நடந்து வர வேண்டும். அப்பா சரி என்றதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஏரியில் எல்லாப் பறவைகளும் எங்களைவிடக் கெட்டிக்காரத்தனமாக மீன் பிடித்தன. நீர்க்காகம் முங்கி எழுந்து ஒரு மீனை விழுங்கிவிட்டு, துவைத்த சட்டையைக் காயப்போடுவது போல இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது. மீன்கொத்தி நாலு முறை பாய்ந்து மூன்று முறை பிடித்தது.

"இன்னா மாப்ளே, பேசாம அதுகிட்ட டியூஷன் போயேன்," என்றார் மாமா.

பத்து மணிக்கெல்லாம் அவருக்கு ஒரு ஜிலேபி மீன் கிடைத்துவிட்டது. ஒரு சாண்தான். ஆனால் அப்பாவிடம் ஒன்றுமில்லையே. மாமா அதைச் செய்தித்தாள் மேல் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். மதியத்துக்குள் இரண்டு முறை 'கருடன்' சொல்லி அப்பாவின் இரண்டு மீன்களை வழியனுப்பி வைத்தார். நான் ரீல் தூண்டிலைப் பார்த்தேன். அடுத்த ஆயுத பூஜைக்கு அது நம் வீட்டில் இருக்காது. ஏழுமலையானே, ஒரே ஒரு மீன் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். தைல மரத்து உச்சியிலிருந்து அது கிளம்பியது. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, வெயில் பட்ட செங்கல் நிறத்தில் இறக்கை. சாட்சாத் கருடன்.

"மாமா! கருடன்!"

"என் சரக்கை என்கிட்டயே விக்கிறியாடி?" என்று மாமா சிரித்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

காற்று கிழிவது போல ஒரு சத்தம். பீடி எங்கோ விழுந்தது, மாமா மல்லாந்து விழுந்தார், செய்தித்தாள் பறந்தது. ஜிலேபி மீன் ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் குதித்தேன். கைதட்டினேன். "போச்சு! மாமா மீன் போச்சு!"

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "சாமி எடுத்துக்கிட்டாலும் புடிச்சது நீதான் மச்சான். அது உன் கணக்குதான்."

எனக்கு அப்பா மேலேயே கோபம் வந்தது. இப்படியும் ஒரு மனிதர் உண்டா? ஆனால் கோபப்பட நேரமில்லை. கருடன் மீனோடு எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. அப்பா தூண்டிலைக் கீழே வைத்தார், கண்ணை மூடினார், கையைத் தூக்கினார். சரியாக அந்த நேரத்தில் தக்கை முங்கியது. முங்கியது மேலே வரவில்லை. ரீல் கிறீச்சிட்டுச் சுழன்றது, தூண்டில் தானாகத் தண்ணீரை நோக்கி ஓடியது.

நான் அதன் மேல் விழுந்தேன்.

இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன். முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டேன். பின்னால் தடதடவென்று ஓடி வந்த மாமா தூண்டில் நரம்பை வெறுங்கையால் பிடித்துக் கையில் சுற்றிக்கொண்டார். அப்பா தோற்பதற்கு முன்னாலேயே தூண்டிலைப் பிடுங்க வந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். "விடு மாமா! எங்க அப்பாவுது!" என்று அவர் காலில் உதைத்தேன்.

"அடி கழுதை, உதைக்காத, இழுடி! மாப்ளே, சாமி எங்கயும் போவாது, ஓடியா!"

மூன்றாவது முறையும் கன்னத்தில் போட்டு முடித்துவிட்டுத்தான் அப்பா கண் திறந்தார். அப்புறம் லுங்கியோடு குதித்தார். மூன்று பேரும் விழுந்து, எழுந்து, ஒருவரையொருவர் திட்டிக் கரைக்கு இழுத்துப் போட்டுப் பார்த்தால், அது ஒரு கட்லா. என் கையைவிட நீளம். வால் அடித்த அடியில் என் முகமெல்லாம் சேறு.

"தோத்துட்டேன்," என்றார் மாமா, மூச்சு வாங்க, வாயெல்லாம் பல்லாக. தோற்றவருக்கு ஏன் இவ்வளவு சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் மீனுக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். மாமா அதை மடியில் தாலாட்டி, "மகு சார், ஹாஃப் டிக்கெட்," என்று கன்னடத்தில் குழந்தையாக்கிவிட்டார். மர்பி டவுனில் இறங்கியதும் துண்டைச் சும்மாடாக்கி மீனைத் தலையில் ஏற்றினார். தெருவில் கிரிக்கெட் நின்றது. குழாயடியில் குடங்கள் நின்றன. "எங்க மாப்ள புடிச்ச மீனு! பாத்துக்கோ, எங்க மாப்ள புடிச்சது!" என்று மாமா கூவிக்கொண்டே போக, நான் தூண்டிலைத் தோளில் வைத்து முன்னால் நடந்தேன். சாமி ஊர்வலத்தில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

வாசலில் அம்மா கேட்டாள்: "யார் புடிச்சது?"

"கருடன் குடுத்தது," என்றார் அப்பா. "மாப்ளதான்," என்றார் மாமா. "நான்!" என்றேன் நான்.

அம்மா மீனை வாங்கும்போது மாமாவின் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையின் குறுக்கே தூண்டில் நரம்பு அறுத்த கோடு, ரத்தம் காய்ந்திருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

எங்கள் வீட்டில் மீனின் தலை, பிடித்தவருக்கு. அன்று அம்மா குழம்பிலிருந்து தலையை எடுத்து நேராக மாமாவின் தட்டில் வைத்தாள்.

"அது அப்பாவுக்கும்மா! மாமா தோத்துட்டாரு!"

"வைக்க வேண்டிய எடத்துலதான் வச்சிருக்கேன். நீ சாப்புடு."

அப்பாவோ, காரம் காயத்தில் பட்டால் எரியுமே என்று, தானே முள்ளெடுத்து, சோற்றோடு உருட்டி, மாமாவின் வாயில் ஊட்டிவிட ஆரம்பித்தார். மீசை வைத்த அந்தப் பெரிய மனிதர் குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்தார்.

பந்தயத்தில் தோற்றால் இப்படியும் ஒரு தண்டனை உண்டு போல என்று நினைத்துக்கொண்டு, நான் வால் துண்டைச் சாப்பிட்டேன்.