மஞ்சள் ரிப்பனும் பச்சை ரிப்பனும்

விதுஷா கூட்டம் நடத்தினால் மேடை இருக்காது. பதுளையில் இது லேசான காரியம் இல்லை. இங்கே எந்த மாநாடு என்றாலும் மேடை நிறையப் பெரிய மனிதர்கள், ஆளுக்கொரு மாலை, ஆளுக்கொரு பொன்னாடை. தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்த பெண்கள் கீழே உட்கார்ந்து கைதட்டிவிட்டு, சோற்றுப் பார்சலோடு திரும்பிப் போவார்கள். அவர்களுக்கும் வாய் இருக்கிறது என்ற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை.

விதுஷாவுக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அவள் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். அவளுடைய அம்மா பெரியாயி, கொழுந்து பறித்த கையோடு அப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போய் வாயே திறக்காமல் வந்தவள். அதனால்தான் எங்கள் பெண்கள் அமைப்பில் சேர்ந்ததும் விதுஷா முதலில் மேடையைத் தூக்கினாள். நாற்காலிகளை வட்டம் வட்டமாகப் போட்டாள். வாசலிலேயே ஒவ்வொருவர் கையிலும் ஒரு வண்ண ரிப்பன் கட்டுவாள். ஒரே நிறத்துக்காரர்கள் ஒரு வட்டம். ஒரே குடும்பத்தவருக்கு ஒரே நிறம் கிடையாது.

"தெரிஞ்சவங்க பக்கத்துல உக்காந்தா வாயத் தொறக்க மாட்டாங்க மிஸ்" என்பாள் என்னிடம்.

அங்கே கணக்கு எழுதுகிற எனக்கு இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பெண்கள் பேசினார்கள். கங்காணியின் பெயரைச் சொல்லவே பயந்தவர்கள், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டினார்கள்.

பிறகு மண்சரிவில் வீடிழந்தவர்களுக்காக ஒரு மாநாடு வைத்தோம். விதுஷாவின் லயமும் அந்த மண்ணுக்குள் போனதுதான். தப்பியவர்களை ஆளுக்கொரு திசையில் குடியேற்றினார்கள். பெரியாயிக்குப் பண்டாரவளைப் பக்கம் வீடு கிடைத்தது. அவளுடைய அக்கா மருதாயிக்குப் பசறைப் பக்கம். அதுவரை லயத்தில் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் வாழ்ந்தவர்கள். மருதாயிக்குக் காது மந்தம், போனில் பேச முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னால்தான் கேட்கும். பெரியாயிக்கோ முழங்கால் வலி, பஸ் மாறி மாறிப் போக முடியாது. மாநாட்டுக்கு அமைப்பே பஸ் அனுப்புகிறது என்றதும் இருவரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

பெரியாயி ஒரு பையில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் கொண்டு வந்தாள். மலையில் கொழுந்து பறித்த காலத்தில் அக்காவும் தங்கையும் பிட்டுத் தின்ற சாப்பாடு அது.

வாசலில் விதுஷா அம்மாவுக்கு மஞ்சள் ரிப்பன் கட்டினாள், பெரியம்மாவுக்குப் பச்சை. சொந்தக்காரர்களுக்கு மட்டும் சலுகை என்று நாலு பேர் பேசக்கூடாது என்று பார்த்தாள்.

"கடைசி ஒரு மணி நேரம் யாரு கூட வேணும்னாலும் பேசலாம்மா. அப்ப பெரியம்மாகிட்டப் பேசிக்க" என்றாள்.

மஞ்சள் வட்டத்துக்கும் பச்சை வட்டத்துக்கும் நடுவே நாலு எட்டுதான். எழுந்து போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கோபத்தோடு கேட்டவள்தான். தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு நிற்கும்போது எந்த மலைக்குப் பெயர் விழுகிறதோ அந்த மலைக்குத்தான் போகவேண்டும். பக்கத்து மலையில் பெற்ற தாய் நின்றாலும் மாறக்கூடாது. ஆயுள் முழுக்க அப்படிப் பழகியவள் கையில் ரிப்பன் கட்டினால் அதுவும் பெரட்டுதான். கட்டியது மகள் வேறு. மகள் சொன்னதை அம்மாவே மீறினால் மற்றவர்கள் மதிப்பார்களா?

அதனால் பெரியாயி மஞ்சள் வட்டத்திலேயே உட்கார்ந்து, வீடு மண்ணுக்குள் போன கதையை யாரோ ஒருத்திக்குச் சொன்னாள். கண் மட்டும் பச்சை வட்டத்தில் இருந்தது. மருதாயி அங்கிருந்து கையைத் தூக்கிக் காட்டினாள். பெரியாயி மடியிலிருந்த பையைத் தூக்கிக் காட்டினாள்.

பின்னேரம், அந்தக் கடைசி ஒரு மணி நேரம் தொடங்குமுன்பே மழை பிடித்துக்கொண்டது. பசறை ரோட்டில் மண் விழுகிறது என்று அந்தப் பக்கத்து பஸ் டிரைவருக்குப் போன் வந்தது. அவர் அவசர அவசரமாக மருதாயியோடு பசறைக்காரர்கள் எல்லோரையும் ஏற்றினார். பெரியாயி முழங்காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது. பை அவள் கையிலேயே இருந்தது.

விதுஷா ஓடிவந்தாள். "அடுத்த மாசம் நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்மா."

"சரி புள்ள. ஒன் கூட்டம் நல்லா நடந்துச்சு" என்றாள் பெரியாயி. அவள் உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த மாதத்துக்குள் நெஞ்சுச் சளி முற்றி மருதாயி செத்துப் போனாள். எழவு வீட்டில் பெரியாயி அக்காவின் காதோரம் குனிந்து வெகுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். விதுஷா கொல்லைப்புறத்தில் நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அவள் வேலையை விடவில்லை. இப்போது அவள் கூட்டங்களில் ரிப்பன் பிறகுதான். முதலில் மைக்கைப் பிடித்து, "யாரைப் பாக்க ஆசைப்பட்டு வந்தீங்களோ, அவங்க பக்கத்துல போய் உக்காருங்க. பேசி முடிச்சதும் ஆரம்பிக்கலாம்" என்பாள். மண்டபம் சந்தைக்கடையாகிவிடும். அவள் ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

போன மாதம் பண்டாரவளையில் கூட்டம். அம்மாவைக் கூப்பிட அவள் போனபோது நானும் கூடப் போனேன். பெரியாயி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. இப்பல்லாம் மொதல்ல யாரு பக்கத்துல வேணும்னாலும் உக்காரலாம்" என்றாள் விதுஷா.

பெரியாயி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"நான் வந்து யாரு பக்கத்துல உக்கார்றது புள்ள?" என்றாள்.