ஒட்டை மறைத்த பை

பத்திரிகைப் படத்தைப் பார்த்து வீட்டிலேயே தைத்த கைப்பையை என் புது மருமகள் மூடினாள். 'டிக்' என்றது. அந்தச் சத்தம் என்னை மைசூர் மண்டி மொஹல்லாவில் நாங்கள் இருந்த பழைய வீட்டுக்குக் கூட்டிப்போனது.

சுதந்திரம் வந்த புதிது. நாங்கள் கோபியிலிருந்து மைசூருக்கு வந்ததும் அப்போதுதான். தசரா பொருட்காட்சியில் ஒரு துரைசாணியின் கைப்பையைப் பார்த்த அம்மா, அப்பாவின் பழைய கறுப்புக் கோட்டை வெட்டி அதேபோல் தைத்தாள். கிழிந்த பர்ஸின் பித்தளைக் கொக்கியை அதில் பொருத்தினாள். வீடெல்லாம் அந்துருண்டை வாசனை. அம்மா கண்களை மூடிக்கொண்டு கொக்கியைத் திறந்து திறந்து மூடுவாள். டிக், டிக்.

அந்தப் பையோடு பக்கத்து வீட்டுக் கொலுவுக்குப் போனாள். சீலையில் போட்டிருந்த ஒட்டு தெரியாதபடி பையை அதன்மேல் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டுக் கன்னடக்கார அம்மாள் பார்த்ததும், "நிம்ம சீல சென்னாகிதெ!" என்றாள். 'சென்னாகிதெ' என்றால் நன்றாக இருக்கிறது என்பது மட்டும் அம்மாவுக்குத் தெரியும்.

அழுதுகொண்டே வீடு திரும்பினாள். "ஒட்டைப் பாத்துப்போட்டு, சீலை நல்லாருக்குதுன்னு நக்கல் பண்றாங்க. இனி நான் எங்கயும் போகலீங்க."

அப்பா சிரித்துவிட்டார். "அட பைத்தியமே, கன்னடத்துல சீலன்னா பை!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை மடியில் எடுத்து வைத்தாள். "அந்தம்மா சொன்னத இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

மருமகளும் கோபிப் பக்கத்துப் பெண்தான். யாரையும் பாராட்ட எனக்குக் கூச்சம். ஆனாலும் மெதுவாகச் சொன்னேன்: "சீல சென்னாகிதெ."

அவள் குனிந்து தன் சீலையைப் பார்த்தாள்.