பத்தாம் நம்பர் சப்பாத்து

அன்றைக்கு அந்த மலையில் எங்களோடு இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் வீட்டுக்காரர் நாகராஜன், வயது ஐம்பத்தெட்டு. எங்கள் மகள் ஷாமினி. வழிகாட்டியாக வந்த சுரேஷ், தங்காக் ஊர்க்காரர். கடைசியாக வந்து சேர்ந்த பாக் டின் என்கிற மலாய்ப் பெரியவர். ஐந்தே பேர். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை என்பதற்கு மற்ற நான்கு பேரும் சாட்சி.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நம் வெள்ளிக்கிழமை பூசைக் குழுவில் பேச எழுந்தால் சொல்ல வந்ததில் பாதி மறந்துபோகும். அதனால் எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. இரண்டு பாதத்திலும் உணர்ச்சி இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் செருப்புக்குள் ஒரு சின்னக் கல் கிடந்திருக்கிறது. காலையிலிருந்து மாலை வரை அதன்மேலேயே நடந்திருக்கிறார், அவருக்குத் தெரியவில்லை. அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது. மறுபடி இந்த மாதிரி வந்தால் விரலோடு நிற்காது, காலை எடுக்க வேண்டிவரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் டார்ச் அடித்து அவர் பாதத்தைப் பார்ப்பேன். ஆங் மோ கியோவில் ஒரு பள்ளிக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறேன். கை கழுவிக்கொண்டிருக்கும், மனசு அவர் பாதத்திலேயே இருக்கும். நான் எப்போதுமே இப்படித்தான், கவலைப்பட ஒன்றும் இல்லையென்றால் அதற்கும் கவலைப்படுவேன்.

நல்ல சப்பாத்துப் போட்டு நிறைய நடங்கள் என்று டாக்டர் சொன்னார். இவர் நடையோடு நிற்கவில்லை. மார்சிலிங்கில் எங்கள் புளோக் பன்னிரண்டு மாடி. பையில் ஐந்து கிலோ அரிசி மூட்டையை வைத்து முதுகில் மாட்டிக்கொண்டு படியில் ஏறுவார், லிஃப்டில் இறங்குவார், மறுபடி ஏறுவார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, லிஃப்ட் ரோசாக்கா, கெட்டுப்போய்விட்டதா என்று இரண்டு முறை என்னிடம் கேட்டுவிட்டார். எல்லாம் லேடாங் மலைக்காக. எல்லைப் பாலம் தாண்டினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், ஜூன் பள்ளி விடுமுறையில் உனக்கும் கேண்டீன் கிடையாது, வா என்றார் இவர். சாகிறதுக்குள் ஒரு மலையின் உச்சியில் நிற்க வேண்டுமாம். சப்பாத்தும் காலுறையும் சரியாக இருந்தால் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

மழைச்சட்டை, ஊன்றுகோல், தடித்த காலுறை எல்லாம் ஷாமினி மலிவு விற்பனையில் வாங்கினாள். சப்பாத்து மட்டும் வாங்கவில்லை. ஏனென்றால் வீட்டில் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே மலைக்குப் போக நினைத்து நூற்று எண்பத்தொன்பது சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கியது. அப்புறம் அவர் அம்மா படுத்துவிட்டார், அப்புறம் கோவிட் வந்தது. நடைக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று அவர் கேட்டபோதெல்லாம் நான் தரவில்லை. நல்ல சப்பாத்து, வீணாகிவிடும் என்று செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்துருண்டை போட்டு ஸ்டோர் ரூமில் மேல் தட்டில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் புதுசு மாதிரி மின்னியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

போன வருஷம் ஜூன், ஒரு சனிக்கிழமை. காலை ஏழரைக்கு ஏற ஆரம்பித்தோம். வேர், பாறை, கயிறு, இரும்பு ஏணி. நான் ஒவ்வொரு ஏணிக்கும் முருகா முருகா என்றுதான் ஏறினேன். பன்னிரண்டரைக்கு உச்சி. அவர் அங்கே நின்று நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

இறங்க ஆரம்பித்து அரை மணி நேரம் இருக்கும். பின்னால் வந்த ஷாமினி, "அப்பா, உங்க சப்பாத்துலேர்ந்து என்னமோ உதிருது" என்றாள்.

பார்த்தால் பாதை நெடுக, கருகிய கேக்கைப் பிய்த்துப் போட்ட மாதிரி கறுப்புத் துண்டுகள். இடது சப்பாத்தின் அடிப்பகுதி பாதி இல்லை. வலதும் வாயைப் பிளந்துவிட்டது. சுரேஷ் கறுப்பு டேப்பைச் சுற்றி, பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கினார். இரண்டு ஏணி இறங்குவதற்குள் டேப் தேய்ந்து அறுந்தது. அப்புறம் இடது அடி முழுசாகக் கழன்று சரிவில் உருண்டு போய்விட்டது. கீழே மெல்லிய அட்டையும் காலுறையும்தான் மிச்சம். காலுறையில் ஐம்பது காசு அளவு ஓட்டை.

அவரைப் பாறையில் உட்காரவைத்துப் பாதத்தைப் பார்த்தேன். நல்லவேளை, சிவந்திருந்தது, கிழியவில்லை.

"வலிக்கவே இல்லை, நடந்துடுவேன்" என்றார்.

வலிக்கவில்லை என்பதுதான் எங்கள் வீட்டில் கெட்ட செய்தி.

மணி மூன்றாகப் போகிறது. கீழே போக இன்னும் இரண்டரை மணி நேரம். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. அவர் கால் பத்தாம் நம்பர். சுரேஷுக்கு ஏழு, எங்கள் இருவருக்கும் ஐந்து. தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். சுரேஷ் அவரைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். தொண்ணூறு கிலோ ஆளை ஏணியில் எப்படித் தூக்குவது? சுரேஷ் மட்டும் ஓடிப்போய் ஒரு ஜோடி வாங்கிவந்தால், திரும்புவதற்குள் இருட்டிவிடும், மழையில் ஓடைத் தண்ணீரும் ஏறிவிடும்.

என் வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. "சுரேஷு, எங்க வீட்டம்மா இந்தச் சப்பாத்தை ஏழு வருஷம் மம்மி மாதிரி பாடம் பண்ணி வச்சிருந்தாப்பா" என்றார். ஷாமினி சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எழுந்து கொஞ்சம் தள்ளிப்போய், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் வழக்கமாகச் சாமி கும்பிட்டால் அது ஒரு பெரிய பட்டியல். வீட்டுக் கடன், ஷாமினி வேலை, அவர் சர்க்கரை அளவு, என் முட்டி வலி. அன்றைக்குப் பட்டியல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நேர்த்திக்கடன் சொல்லவும் தோன்றவில்லை. அவ்வளவு களைப்பு. "முருகா, தப்பு என்னுது. அவரு காலை எடுத்துடாத. பத்தாம் நம்பர் சப்பாத்து ஒண்ணு குடு" என்றேன். சாமியிடம் போய்ச் சப்பாத்துக் கேட்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. கேட்டுவிட்டேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். மேலேயிருந்து ஒருவர் இறங்கிவந்தார். முதுகில் காலிக் கூடை. பாக் டின் என்று சுரேஷ் அழைத்தார். மேல் முகாமில் தங்குபவர்களுக்கு அரிசியும் கேஸும் சுமந்துபோய்க் கொடுப்பவராம். வழக்கமாக ஒரு மணிக்கெல்லாம் கீழே போய்விடுவார். அன்றைக்கு ஓடையில் கைகால் கழுவித் தொழுதவர், அப்படியே பாறையில் சாய்ந்து தூங்கிவிட்டாராம். அதைச் சொல்லி அவரே சிரித்தார்.

எங்கள் நிலைமையைக் கேட்டார். என் வீட்டுக்காரரின் பாதத்தைத் தன் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கூடைக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே கறுப்பு ரப்பர் சப்பாத்து. ரப்பர் மரம் சீவுகிறவர்கள் போடுவது, அடியில் முள்ளு முள்ளாக இருக்கும். போட்டிருந்தது கிழிய ஆரம்பித்ததால் அன்று காலையில்தான் தங்காக்கில் புதுசு வாங்கியிருக்கிறார். ஒரு முறைகூடப் போடவில்லை.

நான் அடியைத் திருப்பிப் பார்த்தேன். பத்து.

காய்ந்த காலுறை இரண்டைச் சேர்த்து மாட்டிவிட்டேன். சப்பாத்து கையுறை மாதிரி உட்கார்ந்தது. என்னிடம் இருந்தது ஐம்பது சிங்கப்பூர் வெள்ளி நோட்டு ஒன்றுதான். நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினார். எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். லாப்பான் பெலாஸ், பதினெட்டு ரிங்கிட் என்றார். சுரேஷ் பணப்பையைக் கீழே வண்டியில் விட்டிருந்தார். பாக் டின் கீழே வாங்கிக்கொள்கிறேன் என்று கை காட்டிவிட்டு, மழைக்கு முன்னால் போக வேண்டுமென்று விறுவிறுவென இறங்கிப்போனார். நாங்கள் நனைந்துகொண்டு ஐந்தே முக்காலுக்குக் கீழே போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

அங்கேயே, வாசலில் உட்காரவைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால். ஒரு கீறல் இல்லை. திங்கட்கிழமை பாலிகிளினிக்கில் தாதியும் பார்த்துவிட்டு, கால் நன்றாக இருக்கிறதே, எதற்கு வந்தீர்கள் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு ஒரு நாள் மிச்சமிருந்த வலது சப்பாத்தை எடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவில் சப்பாத்துத் தைப்பவரிடம் போய்க் காட்டினேன். அவர் அடியைக் கிள்ளினார், தூளாகக் கொட்டியது. "போட்டா தேயும்கா, பத்து வருஷம் ஆகும். போடாம வச்சா நம்ம ஊரு ஈரத்துல தானா செத்துப்போகும்" என்றார். வீட்டுக்கு வந்து மேல் தட்டைக் காலி செய்தேன். நல்ல புடவை, நல்ல தட்டு, எல்லாவற்றையும் புழக்கத்துக்கு எடுத்துவிட்டேன். நல்ல புடவை கட்டிக்கொண்டுதான் இப்போது நம் பூசைக்கு வருகிறேன், நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நான் இன்னும் கவலைப்படுகிறேன். இன்னும் களைப்பாகத்தான் வேலைக்குப் போகிறேன், இன்னும் தினமும் டார்ச் அடிக்கிறேன். முருகன் அதையெல்லாம் என்னிடமிருந்து எடுத்துவிடவில்லை. ஆனால் பட்டியல் போடுவதை விட்டுவிட்டேன். அன்றைக்கு எது வேண்டுமோ அதை ஒன்றை மட்டும் கேட்கிறேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். சின்னதாக இருக்கிறதே என்று கூச்சப்படாதீர்கள். அளவைச் சொல்லியே கேளுங்கள். யார் கையில் கொடுத்தனுப்புவது என்பது அவனுக்குத் தெரியும்.

சுரேஷ் மூலமாக மூன்று முறை பணம் அனுப்பிப் பார்த்தோம். பாக் டின் வாங்க மாட்டேன் என்கிறார். "அந்தக் காலை நானே பார்க்கணும், அவரே ஏறி வந்து கொடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டாராம். இவர் மறுபடி அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார். இந்த ஜூனில் போகிறோம். அதுவரைக்கும் நாங்கள் அவருக்குத் தர வேண்டிய பாக்கி பதினெட்டு ரிங்கிட்.